கையெழுத்துப் போடாமல் போன ஐயாவுக்கு

ஐயா, வணக்கம்.

என்னை உங்களுக்கு நினைவிருக்க நியாயமில்லை. ஆய்வுப் பிரிவின் அறையில், ஓரமாகக் கிடந்த நாற்காலியில் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்த பெண் நான். நீங்கள் "பாப்பா" என்று கூப்பிட்டது என்னைத்தான். உங்கள் பெயரையும், என்ன உடம்புக்கு வந்தீர்கள் என்பதையும் இங்கே எழுதப்போவதில்லை. அங்கே இருந்த 8 வாரத்தில் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்த பாடமே அதுதான். ஆய்வுக்கு வருபவர் காகிதத்தில் ஓர் எண். கதவைத் தாண்டினால் அந்த எண்ணும் வாயில் வரக்கூடாது.

உங்களிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதிலும் பாக்கி. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

நான் மருந்தியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இன்டர்ன்ஷிப்புக்கு கிளினிக்கல் ரிசர்ச், அதாவது நோயாளிகளிடம் மருந்தைச் சோதித்துப் பார்க்கும் ஆராய்ச்சி, வேண்டுமென்று நானாகத்தான் கேட்டு வாங்கினேன். நோயாளிகளுக்கு உதவ ஆசை என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். எல்லோரும் அப்படித்தானே எழுதுகிறோம். உண்மையில் எனக்கு நோயாளிகளோடு பேசவே வராது. வார்டில் யாராவது வலியில் முனகினால் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நிற்பேன். படிப்பை முடித்ததும் டேட்டா மேனேஜ்மென்ட் பக்கம் போய், ஆள் முகம் பார்க்காமல் எண்களோடு காலத்தை ஓட்டிவிடலாம் என்பதுதான் திட்டம்.

முதல் மூன்று வாரம் அந்தத் திட்டப்படியே போயிற்று. நோயாளியின் கோப்பில் இருப்பதும் ஆய்வுப் படிவத்தில் ஏறியிருப்பதும் ஒத்துப்போகிறதா என்று வரி வரியாகப் பார்க்கும் வேலை. தப்பு கண்டுபிடித்தால் வொய்ட்னர் தொடக்கூடாது. பழைய எண் படிக்கத் தெரியும்படி ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியான எண், சுருக்கொப்பம், தேதி. இதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. ஒருமுறை ரத்த அழுத்தம் 138 என்பது 183 ஆகியிருந்ததைப் பிடித்துவிட்டு, அன்று முழுக்க மிதப்பில் திரிந்தேன்.

நான்காவது வாரம் நீங்கள் வந்தீர்கள்.

ஒருங்கிணைப்பாளர் அக்கா உங்களுக்கு ஒப்புதல் படிவத்தை விளக்கும்போது நான் பார்வையாளர் மட்டும். 16 பக்கம். படித்துப் பார்க்க வீட்டுக்கு எடுத்துப்போனீர்கள். இரண்டு நாள் கழித்து வந்தபோது அதில் பென்சில் கோடுகள் இருந்தன. நான் பார்த்தவரை, வீட்டுக்குக் கொண்டுபோன படிவம் போன மாதிரியேதான் திரும்பி வரும். உங்களுடையதுதான் வாசித்த களையோடு வந்தது. பேச்சு பாதியில் இருக்கும்போது அக்காவுக்குப் போன். ஆய்வில் இருக்கும் இன்னொருவரை அவசரமாக மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். அப்படி நடந்தால், தெரிந்துகொண்ட 24 மணி நேரத்துக்குள் ஆய்வை நடத்தும் நிறுவனத்துக்குத் தகவல் போயாக வேண்டும். "பத்து நிமிஷம் ஐயா" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

அப்போதுதான் என் பக்கம் திரும்பி, "இதுல சேர்ந்தா நல்லதா, பாப்பா?" என்று கேட்டீர்கள்.

சுவரில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது, கவனித்திருப்பீர்கள். சேர்க்க வேண்டியவர்கள் 40, சேர்ந்தவர்கள் 23. அன்று காலைதான் அந்த 23-ஐ என் கையால் எழுதியிருந்தேன். அதை 24 ஆக்க வேண்டும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. இருந்தும் என் வாயில் வந்தது இதுதான்: "நல்ல வாய்ப்பு ஐயா. சாதாரண நோயாளியைவிட உங்களைக் கூடுதலா நல்லா கவனிப்பாங்க."

நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். அப்புறம் கேட்டீர்கள்: "நல்லா கவனிக்கத்தான்னா, எதுக்குப் பாப்பா சீட்டுக் குலுக்கிப் போடணும்?" யாருக்கு எந்த மாத்திரை என்பதை மருத்துவர் தேர்ந்தெடுக்க மாட்டார், அது சீரற்ற முறையில் ஒதுக்கப்படும் என்று படிவத்தில் இருந்ததைத்தான் அப்படிக் கேட்டீர்கள்.

எனக்குப் பதில் வரவில்லை. அக்கா வந்ததும், "வைத்தியம் மட்டும் பாத்துக்கறேம்மா, ஆராய்ச்சி வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டீர்கள்.

நடந்ததை அக்காவிடம் சொன்னேன். மறைத்திருப்பேன், நீங்கள் போகும்போது என்னைப் பார்த்த பார்வையை அக்காவும் பார்த்துவிட்டார். அவர் திட்டவில்லை. ஒரு கோப்பை எடுத்துப் பிரித்தார். இந்த ஆய்வில் யார் யார் எந்த வேலையைச் செய்யலாம் என்று முதன்மை ஆய்வாளர் ஒப்பமிட்ட பட்டியல் அது. ஒப்புதல் பெறும் வேலைக்கு நேராக இரண்டே பெயர்கள். "உன் பேரு இதுல இல்ல, அது ஒரு விஷயம். அதைவிடப் பெரிசு, நீ சொன்னது உண்மையில்ல" என்றார்.

ஆய்வில் சேர்ந்தால் அடிக்கடி வரச்சொல்வார்கள், அடிக்கடி ரத்தம் எடுப்பார்கள். பார்ப்பதற்குக் கூடுதல் கவனிப்பு மாதிரியே இருக்கும். ஆனால் அந்த அட்டவணை ஆய்வின் தேவைக்குப் போட்டது. உங்கள் உடம்பைப் பார்த்து யாரும் போட்டதில்லை. எந்த மாத்திரை, எவ்வளவு என்பதையும் உங்கள் மருத்துவர் தீர்மானிக்கப்போவதில்லை. ஆராய்ச்சியையே வைத்தியம் என்று நினைத்துவிடுகிற இந்தக் குழப்பத்துக்கு, 1982-ல் பால் ஆப்பல்பாம் என்ற மனநல மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். நோயாளிகளிடம் இருக்கும் குழப்பம் என்று அவர்கள் எழுதினார்கள். நான் அதை நோயாளிக்கு ஊட்டப் பார்த்தேன். உங்களுக்கு அந்தக் குழப்பம் துளியும் இல்லை. அறையில் இருந்த மூன்று பேரில் அது எனக்கு மட்டும்தான் இருந்தது.

அதற்குத்தான் மன்னிப்பு, ஐயா.

இனி உங்கள் கேள்வி. எதுக்குச் சீட்டுக் குலுக்கணும்?

அன்று ராத்திரியே தேட ஆரம்பித்துவிட்டேன். ஒரு பழைய ஆய்வின் கதை கிடைத்தது. மாரடைப்பு வந்து பிழைத்த சிலருக்கு இதயத் துடிப்பு நடுநடுவே தப்பும். தப்புகிறவர்கள் திடீரென்று இறந்துபோவது அதிகம். துடிப்பை ஒழுங்காக்க மாத்திரைகள் வந்தன. கொடுத்தால் ஈசிஜியில் கோடு அழகாக ஆகிவிடும். மருத்துவர்கள் நம்பி எழுதிக் கொடுத்தார்கள். யாராக இருந்தாலும் நம்பியிருப்போம். 1980-களின் கடைசியில் 'காஸ்ட்' என்ற ஆய்வில்தான் சீட்டுக் குலுக்கிப் பார்த்தார்கள். 755 பேருக்கு என்கெய்னைடு அல்லது ஃப்ளெக்கெய்னைடு, 743 பேருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. சராசரியாகப் பத்து மாதத்தில் போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 26 பேர் இறந்திருந்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் 63 பேர். கோடு ஒழுங்கானது, ஆள் போய்விட்டார். ஆய்வில் அந்த இரண்டு மருந்துகளையும் 1989-லேயே நிறுத்திவிட்டார்கள்.

யாருக்கு மருந்து என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விட்டிருந்தால் இது வெளியே வந்திருக்குமா? உடம்பு மோசமானவர்களுக்குத்தான் மருந்து கொடுத்திருப்பார்கள். அவர்கள் இறந்தால் நோய் முற்றிவிட்டது என்று எழுதி மூடியிருப்பார்கள். எது நல்லது என்று மருத்துவருக்கும் தெரியாது என்பதுதான் உங்களுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில். தெரிந்தால் சீட்டு வேண்டியதில்லை.

இன்னொன்றும் படித்தேன். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் தந்து பார்த்த பிரிட்டிஷ் ஆய்வு, 1948-ல் வெளியானது. யாருக்கு மருந்து என்று ஒட்டிய உறைக்குள் சீட்டு வைத்துத் தீர்மானித்த, எங்கள் பாடத்தில் கொண்டாடப்படுகிற ஆய்வு. மொத்தம் 107 பேர். ஆறு மாதத்தில், மருந்து கிடைத்த 55 பேரில் 4 பேர் இறந்தார்கள், கிடைக்காத 52 பேரில் 14 பேர். இதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். மருந்து கிடைக்காதவர்களுக்குத் தாங்கள் ஓர் ஆய்வில் இருக்கிறோம் என்பதே கடைசிவரை தெரியாது என்பதை மட்டும் வகுப்பில் யாரும் சொன்ன நினைவில்லை. தானாக ஒப்புக்கொள்ளாதவரை ஆய்வுக்கு உட்படுத்தக்கூடாது என்று நியூரம்பெர்க் நெறிகள் எழுதப்பட்டது 1947-ல். அடுத்த வருடமே வெளியான ஆய்வு இது. அந்த 52 பேரை நினைத்தால், 16 பக்கத்திலும் பென்சில் கோடு போட்ட நீங்கள் ஞாபகத்துக்கு வருகிறீர்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். மிச்சமிருந்த வாரங்களில், எண் பார்க்கும் வேலையைக் குறைத்துக்கொண்டு ஒப்புதல் பேசும் அறையில் உட்கார அனுமதி கேட்டேன். அக்காவுக்கே ஆச்சரியம். பேசத் தெரியாத எனக்கு அங்கே ஒன்று புரிந்தது: நல்ல ஒப்புதல் பேச்சில் பாதி, சும்மா இருப்பதுதான். அக்கா ஒரு பக்கத்தை விளக்கிவிட்டு, "நான் சொன்னத உங்க வார்த்தையில ஒரு தடவ சொல்லுங்க" என்பார். அப்புறம் காத்திருப்பார். அந்த மௌனத்தை என்னாலும் தாங்க முடியும் என்று தெரிந்ததும், டேட்டா மேனேஜ்மென்ட் ஆசை தானாகக் கழன்றுவிட்டது. ஒருங்கிணைப்பாளர் வேலைக்குத்தான் போவேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். "மருந்துப் படிப்பு படிச்சிட்டு ஃபாரம் நிரப்பப் போறியா?" என்கிறார் அம்மா. சம்பளம், வேலை நேரம் எல்லாம் பார்த்தால் அவர் கேட்பதிலும் தப்பில்லை. அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.

நீங்கள் மறுத்தது வீண் என்று நினைக்க வேண்டாம். ஆய்வு முடிந்து கட்டுரை வரும்போது, முதல் படத்தில் பெட்டி பெட்டியாக ஒரு கணக்கு இருக்கும். எத்தனை பேரைப் பார்த்தார்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள், அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியில் 'பங்கேற்க மறுத்தவர்கள்'. அதில் ஒருவர் நீங்கள். காரணம் எழுதும் கட்டத்தில் என்ன போடுவது என்று நான் கேட்டதற்கு, "அவர் சொல்லணும்னு கட்டாயம் இல்ல, காலியா விடு" என்றார் அக்கா. காலியாகத்தான் இருக்கிறது.

இன்டர்ன்ஷிப்பின் கடைசி வேலையாக, அந்த 16 பக்கத்தை எளிய தமிழில் திருப்பி எழுதிப் பார்க்கச் சொன்னார்கள். 'சீரற்ற முறையில் ஒதுக்கீடு' என்று இருந்த இடத்தில், 'சீட்டுக் குலுக்கிப் போடுவது போல' என்று மாற்றினேன். உங்கள் வார்த்தையைக் கேட்காமல் எடுத்துக்கொண்டதற்கு இன்னொரு மன்னிப்பு. படிவத்தில் ஒரு சொல் மாறினாலும் நெறிமுறைக் குழு மறுபடி ஒப்புதல் தர வேண்டும் என்பதால் என் பிரதி அவர்களிடம் போயிருக்கிறது. சீட்டு என்றால் சூதாட்டம் மாதிரித் தொனிக்கிறது என்று குழுவில் ஒருவர் ஆட்சேபிக்கிறாராம். போன வாரம் அக்காவிடம் விசாரித்தேன். இன்னும் முடிவு வரவில்லை.

இப்படிக்கு,
நாற்காலியில் உட்கார்ந்திருந்த பாப்பா