தம்பியின் மருத்துவரிடம் சொல்ல வேண்டியது

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மஞ்சள் விலையும் மழையும் இருக்கட்டும். உன் தம்பியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தறிக்குடோன் பக்கமே போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான் என்று மட்டும் மருத்துவரிடம் சொன்னால் போதாது. போன ஆடியில் அவன் இருந்த இருப்பையும் சேர்த்துச் சொல். நள்ளிரவில் எனக்குப் போன் செய்து, பல்லடத்தில் பழைய தறிகளுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். ஒரு பேச்சு முடியுமுன் அடுத்ததற்குத் தாவினான். விடிந்ததும் களைப்பே இல்லாமல் ஐந்து வட்டிக்குக் கடன் கேட்டு வந்து நின்றான். ஊரோ, பையன் துடியாகிவிட்டான் என்று மெச்சியது.

தூக்கம் வராமல் தவிப்பது வேறு, தூக்கமே தேவைப்படாமல் இருப்பது வேறு. இரண்டாவது ஒரு வாரம் நீடித்து, பேச்சும் செலவும் கட்டுக்கடங்காமல் போனால், அந்த மனவெழுச்சியை வைத்துத்தான் பைபோலார், அதாவது எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை மனநோய், என்று இனங்காண்கிறார்கள். எழுச்சியை யாரும் நோயாக எண்ணுவதில்லை. சோர்ந்து விழுந்த பிறகே ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். வெறும் மனச்சோர்வு என்று அதற்கான மாத்திரையை மட்டும் கொடுத்தால், அதுவே சிலரை மறுபடி எழுச்சிக்குள் தள்ளிவிடும்.

இதே நோய்க்கு என் அக்கா மகனுக்கு லித்தியம் கொடுக்கிறார்கள். 1949-ல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் எழுதிய கட்டுரையால் தெரியவந்த பழைய மருந்து; இன்றும் மதிப்புக் குறையவில்லை. ஆனால் அளவு கத்திமேல் நடப்பதுதான். கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து அளவு பார்ப்பார்கள். சிறுநீரகம், தைராய்டு சோதனைகளும் உண்டு. சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் காட்டில் நிற்பதும், மூட்டுவலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபினாக் வாங்கி விழுங்குவதும் அந்த அளவை ஏற்றிவிடும். கைநடுக்கம் கூடி, வாந்தி, பேதி, தள்ளாட்டம் என்று வந்தால் உடனே ஆஸ்பத்திரிதான்.

மகன் தூங்கிய நேரத்தை அக்கா தினமும் காலண்டரில் குறிக்கிறாள். அடுத்தடுத்த இரவுகளில் குறைந்தால் மருத்துவருக்குப் போன் போட்டுவிடுவாள். ஏடிஎம் கார்டும் அவளிடம்தான். தெளிவாக இருந்தபோது அவனே ஒப்புக்கொண்ட ஏற்பாடு. உன் தம்பிக்குச் செய்வினை என்று அத்தை சொன்னால் வாதாடாதே. மனநோய் தீர வேண்டிக்கொள்ளும் குணசீலம் கோயிலுக்கும் போகட்டும், மாத்திரை டப்பாவும் கூடவே போகட்டும்.

சாகலாம் என்று தோன்றுகிறதா என்று அவனிடம் நேராகவே கேள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமென்றால் தனியே விடாதே, தோட்டத்துச் சாளையில் இருக்கும் பூச்சிமருந்தை அன்றே அப்புறப்படுத்து, அன்றே மருத்துவரிடம் கூட்டிப் போ. 14416 என்ற, அரசின் மனநல உதவிக்கான டெலி மானஸ் எண்ணில் நடுராத்திரியிலும் தமிழில் பேசலாம்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளைச் சொல், நானும் வருகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்