மீனை எடைபோடும் துறைமுகங்கள் ஆட்களிடமும் பேசட்டும்

மீன்பிடிக் கப்பல்களைப் பதிவுசெய்து கொடி கொடுக்கும் அரசுகளுக்கும், அவற்றைத் துறைமுகத்தில் ஏற்கும் அரசுகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே,

தொலைகடலிலிருந்து ஒரு மீன்பிடிக் கப்பல் உங்கள் துறைமுகத்தில் வந்து அணையும்போது அதிகாரிகள் ஏறிப் பார்க்கிறார்கள். என்ன மீன், எத்தனை டன், எந்தக் கடற்பரப்பில் பிடித்தது, உரிமம் உண்டா என்று விசாரிக்கிறார்கள். சட்டவிரோத மீன்பிடிப்பைத் தடுக்க 2009இல் உருவாகி 2016இல் நடைமுறைக்கு வந்த துறைமுக அரசு நடவடிக்கை ஒப்பந்தம் இதற்கு வழிசெய்தது. நல்ல காரியம். ஆனால் அந்த மீனை இழுத்துப்போட்டவர்கள் அதே மேல்தளத்தில்தான் நின்றுகொண்டிருக்கிறார்கள். பெரும்பாலான துறைமுகங்களில் அவர்களை ஏனென்று கேட்பாரில்லை.

அப்படியொரு கப்பலிலிருந்து இறங்கியவரோடு ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். தேநீர்க் கோப்பையை அவர் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத்தான் தூக்கினார். விரல்கள் பாதி மடங்கிய நிலையிலேயே இறுகிப்போயிருந்தன. கட்டைவிரலுக்குக் கீழே தூண்டில்முள் ஏறி மறுபக்கம் வந்த தழும்பு. வலிக்கிறதா என்று கேட்டேன். “காலையில் மட்டும்தான். கொஞ்சம் வேலை செய்தால் சரியாகிவிடும்” என்றார். வயது இருபத்தாறு.

அந்தக் கை எப்படி அப்படி ஆனது என்பதைச் சொல்லியாக வேண்டும். சூரை பிடிக்கும் ஆயிரங்கால் தூண்டிலின் தாய்க்கயிறு 100 கிலோமீட்டர்கூட நீளும். அதில் இரண்டாயிரம், மூவாயிரம் முட்கள். ஒவ்வொன்றிலும் இரை கோத்து இறக்க ஐந்தாறு மணி நேரம். திரும்ப இழுக்கப் பத்து, பன்னிரண்டு மணி நேரம்; கயிறு சிக்கிக்கொண்டால் இன்னும் கூடும். பிறகு மீனைக் குடலெடுத்துக் குளிர்கிடங்கில் அடுக்க வேண்டும், கயிற்றைச் சீராக்க வேண்டும். ஒரு நாளுக்கு 24 மணி நேரம்தான். உறங்க எவ்வளவு மிஞ்சும் என்பதை நீங்களே கழித்துப் பாருங்கள். அடுத்த நாளும் இதே வேலைதான்.

மூன்று நாளுக்கு மேல் கடலில் தங்கும் கப்பலில் ஒருவருக்கு எந்த 24 மணி நேரத்திலும் 10 மணி நேரம், எந்த ஏழு நாளிலும் 77 மணி நேரம் ஓய்வு கிடைக்க வேண்டும் என்கிறது சர்வதேசத் தொழிலாளர் நிறுவனத்தின் 188ஆம் உடன்படிக்கை. 2007இல் ஜெனீவாவில் அரசுகள், உரிமையாளர்கள், தொழிலாளர்கள் என்று மூன்று தரப்பும் உட்கார்ந்து நிறைவேற்றியது அது. வணிகக் கப்பல் ஊழியர்களுக்கான 2006ஆம் ஆண்டு உடன்படிக்கையில் மீன்பிடிக் கப்பல்களுக்கு இடமில்லாததால், இவர்களுக்கு இருக்கும் முழுமையான பாதுகாப்பு இது ஒன்றுதான். நடைமுறைக்கு வரவே பத்தாண்டு ஆகி, 2017 நவம்பர் வந்துவிட்டது. இன்றுவரை 187 உறுப்பு நாடுகளில் கால்பங்குகூட இதை ஏற்கவில்லை.

மீன் வரும் நேரத்தில்தானே பிடிக்க முடியும், கடலில் மணி பார்த்து வேலை செய்ய முடியுமா என்று கேட்பீர்கள். உடன்படிக்கையை எழுதியவர்களுக்கும் அது தெரியும். ஆபத்து நேரத்தில் கேப்டன் யாரையும் எழுப்பலாம். அரசு வரையறுத்த சில காரணங்களுக்காக ஓய்வு நேரத்தைத் தற்காலிகமாகக் குறைக்கவும் இடமுண்டு. குறைத்ததற்கு ஈடாகப் பின்னால் ஓய்வு தரவேண்டும், அவ்வளவுதான். அந்த ஈட்டைக்கூடத் தர மறுக்கும் கப்பலைத் தொழில் என்று சொல்லிக் காப்பாற்றாதீர்கள்.

வேலைக்குச் சேர்த்துவிடத் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்றும் அந்த உடன்படிக்கை சொல்கிறது. நடப்பு வேறு. கிளம்பும் முன்பே தரகருக்குக் கடன். ஏறிய பிறகு முதல் சில மாதச் சம்பளம் உத்தரவாதத் தொகை என்ற பெயரில் பிடித்தம். ஒப்பந்தம் முடியாமல் இறங்கினால் அது போயிற்று. பாஸ்போர்ட் கேப்டனின் பெட்டியில். எரிபொருளும் அரிசியும் இன்னொரு கப்பலில் நடுக்கடலுக்கே வந்துசேரும், பிடித்த மீன் அதே கப்பலில் கரைக்குப் போகும். மீன் கரையேறுகிறது, ஆள் ஏறுவதில்லை.

2020 மே மாதம் தென்கொரியத் தொலைக்காட்சி ஒன்றில் வந்த காட்சியை நீங்களும் பார்த்திருக்கலாம். இந்தோனேசியத் தொழிலாளி ஒருவரின் உடலைக் கப்பலிலிருந்து கடலில் இறக்கினார்கள். ஓராண்டுக்கும் மேல் கரை தொடாத கப்பல் அது. அந்தக் கப்பலில் இறந்தவர்களுக்குக் கைகால் வீங்கி மூச்சு முட்டியது என்று உடன் வேலை செய்தவர்கள் சொன்னார்கள். தொலைகடல் கப்பல்களில் பெரிபெரி நோய் இந்த நூற்றாண்டிலும் பதிவாகிறது. தீட்டிய வெள்ளரிசியும் நூடுல்ஸுமாக மாதக்கணக்கில் ஓட்டினால் உடம்பில் தயமின் என்ற பி1 வைட்டமின் தீர்ந்துபோகும். வீங்கிய காலைக் கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நிற்கும், பிறகு இதயம் தளரும். பருப்பும் முட்டையும், வைட்டமின் மாத்திரையும் தடுக்கக்கூடிய சாவு இது.

சர்வதேசத் தொழிலாளர் நிறுவனமும் கூட்டாளி அமைப்புகளும் 2022இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மீன்பிடிக் கப்பல்களில் கட்டாய உழைப்பில் சிக்கியிருப்பவர்கள் 1,28,000 பேர். கரையில் நடந்தால் எண்ணிவிடலாம். கடலில் நடப்பதை எண்ணுவது கடினம். உண்மை இதைவிடக் கூடுதலாகவே இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

உங்களுக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். 2018இல் தென்னாப்பிரிக்கா, தைவான் கொடியோடு கேப்டவுனுக்கு வந்த ஒரு கப்பலை நிறுத்திவைத்தது. ஆவணக் குறைபாடு, மோசமான தங்குமிடம், போதாத உணவு, பாதுகாப்பின்மை என்பவை காரணங்கள். 188ஆம் உடன்படிக்கையின் கீழ் உலகில் முதன்முதலாக நிறுத்தப்பட்ட கப்பல் அதுதான். தென்னாப்பிரிக்கா உடன்படிக்கையை ஏற்றிருந்தது, அதனால் முடிந்தது. ஏற்காத நாட்டுக் கொடி பறக்கும் கப்பலுக்கும் சலுகை காட்டக் கூடாது என்று உடன்படிக்கையே சொல்கிறது. ஆசியாவில் தாய்லாந்து 2019இல் முதலாவதாக ஏற்றது. மற்றவர்கள் எதற்காகக் காத்திருக்கிறீர்கள்?

ஏற்பதற்கு நாடாளுமன்றம், சட்டத் திருத்தம் என்று காலம் ஆகும். புரிகிறது. அதுவரை ஒன்று செய்யுங்கள். அடுத்த கப்பல் அணையும்போது மீன் அதிகாரியோடு ஒரு தொழிலாளர் ஆய்வாளரையும், அந்த ஆட்களின் மொழி தெரிந்த ஒருவரையும் அனுப்புங்கள். கேப்டனை அப்பால் நிற்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து உட்காரவைக்கட்டும். நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினாய், பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது, கடைசியாக எப்போது வீட்டோடு பேசினாய் என்று கேட்கட்டும். கைகளையும் கால்களையும் பார்க்கட்டும். அதற்குப் பிறகு மீனை எடைபோடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் துறைமுகங்கள் வழியாக வரும் மீனை உண்ணும் ஒருவர்