ஒன்றுமே நடக்காத நம் கதைக்காக

நேற்று நாம் சேர்ந்து கதை எழுதிய பச்சை நோட்டை உன் அம்மா வீட்டு விலாசத்துக்குக் கூரியரில் அனுப்பிவிட்டேன். ஏழு வருஷமாக என் அலமாரியில் இருந்தது. இதை யார் வேண்டுமானாலும் படிப்பார்கள் என்பதால் உன் பெயரை எழுதவில்லை. படித்தால் உனக்குத் தெரிந்துவிடும்.

பார்சல் கட்டுவதற்கு முந்தைய ராத்திரி, சைன்ஃபெல்ட் என்ற அமெரிக்கக் காமெடி சீரியலில் அந்த எபிசோடை மறுபடி பார்த்தேன். 'தி பிட்ச்', 1992 செப்டம்பரில் வந்தது. வடபழனி ரூமில் எத்தனை தடவை பார்த்திருப்போம்! அப்போதெல்லாம் நாம் பார்த்தது ஜார்ஜை மட்டும்தான். நண்பன் ஜெர்ரியோடு ஒரு சீரியல் ஐடியாவைச் சொல்லப் போய், என்பிசி டிவி ஆட்கள் எதிரே உட்கார்ந்துகொண்டு, கதையே கிடையாது, ஒன்றுமே நடக்காது என்று அவன் அடித்துச் சொல்கிற இடத்தில் நீ எழுந்து நின்று கை தட்டுவாய். இந்த முறை நான் பக்கத்தில் இருக்கும் ஜெர்ரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இது எப்படி ஒரு நிகழ்ச்சி ஆகும் என்று கேள்வி வந்ததும், இல்லை, ஏதாவது நடக்கலாம் என்று இழுக்கிறான். ஜார்ஜ் விடவில்லை. ஜெர்ரி நெளிகிறான். அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன்.

நம் கதையைச் சொல்லப் போன அந்த ஏசி ரூம் உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு இருப்பது உன் விரல்கள். மேஜையில் வைத்த தண்ணீர் பாட்டிலின் லேபிளை நகத்தால் நீளநீளமாகக் கிழித்துக்கொண்டே, "கதைன்னு ஒண்ணும் கிடையாது சார். நாலு பேர் மெஸ்ஸுல சாப்பிட்டுக்கிட்டே பேசிக்கிட்டிருப்பாங்க" என்றாய். குரலில் நடுக்கமே இல்லை. எதிரே கதை கேட்க உட்கார்ந்திருந்தவர் உன்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "ரெண்டாவது எபிசோட்ல ஒரு பொண்ணு காணாமப் போறா சார்."

அப்படி ஒரு பெண் நம் நோட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

உன் விரல் நின்றுவிட்டது. லேபிள் பாதி கிழிந்து தொங்கியது. அவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, "இது இண்ட்ரஸ்டிங்கா இருக்கே, யாரு கடத்தினா?" என்று கேட்டார். நான் சொல்லிக்கொண்டே போனேன். நீ பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாய். லிஃப்டிலும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த எபிசோடில் வெளியே வந்ததும் ஜெர்ரி ஜார்ஜைப் பிடித்துத் திட்டித் தீர்ப்பான். நீ என்னை அப்படித் திட்டியிருக்கலாம்.

இரண்டு மாத வாடகை பாக்கி இருந்தது. அப்பா விஷயம் உனக்குத் தெரியும், அதை இங்கே எழுத வேண்டாம். உனக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருந்தது, எனக்கு இல்லை. அந்த ரூமில் அவர் எழுந்து போய்விடக் கூடாது என்பது மட்டும்தான் என் மனதில் இருந்தது. இதைத் தப்பு என்று சொல்ல இன்றைக்கும் எனக்கு முழுசாக மனசு வரவில்லை.

அப்புறம் ஒன்று. அந்த சீரியலை உருவாக்கிய ஜெர்ரி சைன்ஃபெல்டும் லாரி டேவிட்டும் நிஜமாக என்பிசியிடம் போய் 'ஒன்றுமில்லாததைப் பற்றி' என்று சொல்லவில்லை. ஒரு காமெடியனுக்கு மேடையில் பேசும் விஷயங்கள் எங்கிருந்து கிடைக்கின்றன என்பதைக் காட்டும் நிகழ்ச்சி, அவ்வளவுதான் சொன்னார்கள். 2014-இல் சைன்ஃபெல்டே இதைச் சொன்னார். 1989-இல் பைலட் வந்தது, 1998 வரை ஓடியது. எதிராளிக்குப் புரிகிற மாதிரி சொல்லித்தான் அவர்களே உள்ளே போனார்கள். இதை முதலில் படித்தபோது உனக்கு அனுப்பலாம் என்று போனை எடுத்தேன். உன் நம்பர் மாறியிருந்தது.

ஆனால் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சொன்னார்கள். நான் உன்னைக் கேட்காமல், உன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு சொன்னேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்டீ. மற்றதற்கு இல்லை.

நீ செய்ததும் சின்ன விஷயம் இல்லை. மூன்று நாளில் ரூமைக் காலி செய்தாய், அட்வான்ஸ் பணத்தைப் பற்றிப் பேசக்கூட இன்னொரு ஆளை அனுப்பினாய். உன் கல்யாணப் படத்தை நான் யாரோ ஒருவர் போனில்தான் பார்த்தேன். மாம்பழக் கலர் புடவை உனக்கு அவ்வளவு நன்றாக இருந்தது.

போன மாதம் வேறு ஒரு இடத்திலிருந்து அந்த மெஸ் கதையைக் கேட்டார்கள். நல்ல பணம். காணாமல் போகும் பெண்ணோடு சேர்த்துத்தான் கேட்டார்கள். அன்று ராத்திரி நோட்டைத் திறந்தேன். இடது பக்கமெல்லாம் நீ, வலது பக்கமெல்லாம் நான். இரண்டாம் தடவை ரசம் கேட்கலாமா வேண்டாமா என்று நாலு பேரும் ஆறு பக்கம் பேசுகிறார்கள். அதில் மெஸ் அக்கா கரண்டியோடு வந்து நின்று, யாரும் கேட்காமலே ஊற்றிவிட்டுப் போகிற இடம் உன்னுடையது. நான் இத்தனை வருஷத்தில் அந்த மாதிரி ஒன்று எழுதவில்லை. மறுநாள் போன் செய்து முடியாது என்று சொல்லிவிட்டேன்.

நோட்டு இனி உன்னுடையது. வலது பக்க வரிகள் பிடிக்கவில்லை என்றால் அடித்துவிடு. நடுவில் நாலைந்து பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும், அது அன்று நீ கொட்டிய காபி, மெதுவாகப் பிரி.

வியாழக்கிழமை வந்துவிடும் என்றார்கள். கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டுமாம், அம்மாவை வீட்டில் இருக்கச் சொல்.