வான் லென்னப் வைத்த புள்ளிகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் டச்சு நாவலாசிரியர் முல்டாடுலி பற்றிய கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஆனால் 'மாக்ஸ் ஹாவலார்' நாவல் அச்சேற உதவியவர் என்று எழுத்தாளர் யாகப் வான் லென்னப்பை ஒரே வரியில் பாராட்டிவிட்டுக் கட்டுரையாளர் நகர்ந்துவிட்டார். அந்த உதவியின் லட்சணத்தையும் சொல்லியிருக்கலாம்.

முல்டாடுலியின் இயற்பெயர் எடுவார்ட் டௌவஸ் டெக்கர். 1820-இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர், பதினெட்டு வயதில் கப்பலேறி டச்சு கிழக்கிந்தியாவுக்கு (இன்றைய இந்தோனேசியா) போய் அரசு உத்தியோகத்தில் சேர்ந்தார். 1856-இல் ஜாவாவின் லெபாக்கில் உதவி ரெசிடென்ட், அதாவது டச்சு அரசின் வட்டார அதிகாரி. உள்ளூர்த் தலைவரான ரீஜென்ட்டின் ஆட்கள் குடியானவர்களின் எருமைகளைப் பிடித்துக்கொண்டு போவதையும், கூலி கொடுக்காமல் வேலை வாங்குவதையும் கண்டு மேலிடத்துக்குப் புகார் எழுதினார். பலன்? அவரையே இடம் மாற்ற உத்தரவு வந்தது. வேலையை உதறினார். லெபாக்குக்குப் போய் மூன்று மாதம்கூட நிறையவில்லை.

1859-இல் பிரஸ்ஸல்ஸில் ஒரு விடுதி அறையில், கையில் காசில்லாமல், லெபாக்கில் கண்டதை வைத்துச் சில வாரங்களில் எழுதி முடித்த நாவல்தான் 'மாக்ஸ் ஹாவலார்'. வான் லென்னப் அதன் உரிமையைத் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டார். 1860-இல் புத்தகம் வெளிவந்தபோது ஊர்ப் பெயர்களும் ஆண்டுகளும் இருந்த இடங்களில் புள்ளிகள்! ஊர் பெயர் இல்லாத புகாரை யார் விசாரிப்பார்? விலையும் சாமானியருக்கு எட்டாதது. டெக்கர் வழக்குப் போட்டுத் தோற்றார். பெயர்களைத் திரும்பப் போட 1875 பதிப்பு வரை ஆனது.

அந்நாவலில் வரும் சைஜா, அடிண்டா கதையைக் கட்டுரையாளர் 'இனிய காதல் கதை' என்கிறார். அது எருமை பறிபோன கதை ஐயா. பிழைப்புக்காகப் பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா) போகும் சைஜா, மூன்று வருடத்தில் வருவதாகச் சொல்கிறான். மாதாமாதம் பிறை கண்டதும் நெல் குத்தும் உரலில் அடிண்டா ஒரு கீறல் போடுகிறாள். அவன் வந்து எண்ணிப் பார்க்கிறான். 36 இருக்க வேண்டிய இடத்தில் 32. அவள் வீட்டு எருமையையும் பிடித்துப் போக, குடும்பமே ஊரைவிட்டு ஓடியிருந்தது.

இன்னொன்று. டச்சுக்காரர்கள் வெளியேற வேண்டும் என்று டெக்கர் கேட்டதாகக் கட்டுரையில் இருக்கிறது. அவர் கேட்டது நியாயமான ஆட்சி. நாவலின் கடைசிப் பக்கத்தில் மன்னர் மூன்றாம் வில்லெமிடமே முறையிடுகிறார்.

ச. இரா.,
கும்பகோணம்.