வடிகாலில் சேறு எங்கிருந்து வந்தது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை மழையில் பெங்களூரு சாலைகளில் தண்ணீர் தேங்கியது பற்றிச் சென்ற வாரம் தங்கள் நாளிதழில் செய்தி வந்திருந்தது. மழை வேகமாகப் பெய்ததால் வடிகால்களில் சேறு சேர்ந்துவிட்டது, அதனால்தான் தண்ணீர் வடியவில்லை என்று அதன் கடைசிப் பத்தியில் ஓர் அதிகாரி விளக்கம் சொல்லியிருந்தார். தங்கள் நிருபர் மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்காமல் அதை அப்படியே எழுதிவிட்டார். படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

மழை சேற்றைக் கொண்டுவராது ஐயா. கீழே உதிரியாகக் கிடக்கிற மண்ணைத்தான் அடித்துக்கொண்டு போகும். அல்சூரில் நாங்கள் இருக்கும் பக்கம் வீட்டு வாசல்வரை சிமெண்ட் போட்டாகிவிட்டது. மண் கண்ணில் படுவது சாலை வேலை நடக்கும் இடத்தில் மட்டும்தான். எங்கள் தெருமுனையில் கோடை தொடங்கும்போதே ரோட்டை வெட்டினார்கள். தோண்டிய செம்மண்ணை வடிகால் சல்லடைக்குப் பக்கத்திலேயே ஆள் உயரத்துக்குக் குவித்தார்கள். மேலே ஒரு தார்ப்பாய் கிடையாது, சுற்றி ஒரு மணல் மூட்டை கிடையாது. ஏப்ரல், மே மாதங்களில் மாங்காய் மழை வரும் என்பது இந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். முதல் மழையிலேயே குவியல் பாதியாகிவிட்டது. கரைந்த பாதி எங்கே போனது என்று அந்த அதிகாரியிடம் யாராவது கேட்டிருக்க வேண்டாமா?

எங்கே போனது என்று நான் சொல்கிறேன். சல்லடை அடைத்துக்கொண்டு தண்ணீர் என் தம்பியின் மளிகைக் கடைக்குள் வந்தது. கடை ரோட்டைவிட இரண்டு படி தாழ்வு. கீழ் வரிசையில் இருந்த அரிசி மூட்டைகள் அத்தனையும் நனைந்துபோயின. தண்ணீர் வடிந்த பிறகு சாக்கின் மேல் முழங்கால் உயரத்தில் சிவப்பாக ஒரு கோடு நின்றது. விரலால் தேய்த்தால் மாவு போலக் கையோடு வந்தது. எந்தக் குவியல் கடைக்குள் வந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. புகார் கொடுக்கப் போன என் தம்பியிடம், மழைக்கு நாங்கள் என்ன செய்வது என்றார்கள். இப்போது அதே பதில் தங்கள் நாளிதழில் அச்சில் வந்திருக்கிறது.

நான் ஏதோ தெருவில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு எழுதவில்லை. பணி ஓய்வு பெறும்வரை சாலை கான்ட்ராக்டர்களிடம் பில் எழுதும் வேலை பார்த்தவன். எம்.புக்கில், அதாவது செய்த வேலையை அளந்து பில்லுக்காகப் பதியும் புத்தகத்தில், ஏறாத வேலை சைட்டில் நடக்காது என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் சாலை, பாலப் பணிகளுக்கான விவரக்குறிப்பில் 306 என்று ஒரு பிரிவு இருக்கிறது. மண் அரிப்பையும் வண்டல் வெளியேறுவதையும் தடுப்பதற்கென்றே எழுதியது. வேலை தொடங்குவதற்கு முன்பே அதற்கான திட்டத்தையும் கால அட்டவணையையும் கான்ட்ராக்டர் கொடுத்து இன்ஜினியரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். ஒரே நேரத்தில் திறந்து போடும் மண்ணின் பரப்பை முடிந்தவரை குறைக்க வேண்டும். தற்காலிக வரப்பு, வண்டல் தேங்கும் குழி, சரிவில் தண்ணீரை இறக்கிவிடும் வழி எல்லாம் அதில் சொல்லியிருக்கிறது. நான் பார்த்த டெண்டர் புத்தகங்களில் இந்த விவரக்குறிப்பைப் பின்பற்ற வேண்டும் என்று பொதுவாக ஒரு வரி இருக்கும். ஆனால் அளவுப் பட்டியலைப் புரட்டினால் தோண்ட இவ்வளவு, ஜல்லி இவ்வளவு, கான்கிரீட் இவ்வளவு என்று இருக்குமே தவிர, வண்டல் தடுப்புக்கு என்று தனியாக ஒரு ஐட்டம் இருக்காது. காசு வராத வேலையை எந்த கான்ட்ராக்டர் செய்வார்? கான்ட்ராக்டரை மட்டும் திட்டிப் பயனில்லை, எஸ்டிமேட் போடும் மேசையிலேயே அது விட்டுப்போகிறது.

அதே மண்ணை வடிகாலுக்குள்ளிருந்து எடுப்பதற்கு மட்டும் தனி டெண்டர், தனி ஐட்டம், தனி பில். தோண்டும்போது ஒரு தடவை கொடுத்த வரிப்பணத்தையே தூர் வாரும்போது இன்னொரு தடவை கொடுக்கிறோம். வாரிய சேற்றையாவது உடனே லாரியில் ஏற்றுகிறார்களா? காயட்டும் என்று கால்வாய்க் கரையிலேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். அடுத்த மழை அதைத் திரும்ப உள்ளே தள்ளுகிறது. இதைப் பற்றி இரண்டு ஆண்டுக்கு முன்பே தங்களுக்கு ஒரு நீளமான கடிதம் எழுதினேன். தாங்கள் அதைப் பிரசுரித்தீர்கள், அதற்கு நன்றி. ஆனால் நான்கு வரியாகச் சுருக்கி, சுகாதாரக் கேடு என்ற தலைப்பில் கொசுத் தொல்லைக் கடிதங்களுக்கு நடுவில் போட்டிருந்தீர்கள். எனக்கு அது வருத்தம்தான்.

மண்ணோடு இது நிற்கவில்லை. எங்கள் பக்கத்து மெயின் ரோட்டில் வொயிட் டாப்பிங், அதாவது தார் ரோட்டின் மேல் கான்கிரீட், போட்டபோது நடந்ததைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். கான்கிரீட் இறுகியதும் இயந்திரத்தை வைத்து ஜாயின்ட் வெட்டுவார்கள். பிளேடு சூடாகாமல் இருக்கத் தண்ணீர் விட்டுக்கொண்டே வெட்டுவதால் சாம்பல் நிறத்தில் ஒரு குழம்பு ஓடும். அந்தக் குழம்பை அப்படியே ஓரத்துக்குத் தள்ளி வடிகாலில் விட்டார்கள். ரெடிமிக்ஸ் லாரிகள் கொட்டி முடித்ததும் சரிவுத் தகட்டை அங்கேயே கழுவி, அந்தத் தண்ணீரையும் அதே வடிகாலில் விட்டன. சிமெண்ட் கழுவிய தண்ணீரின் காரத்தன்மை pH அளவில் 12 வரை போகும், கையில் பட்டால் தோலை அரிக்கும். குழாய்க்குள் போய்த் தங்கினால் அங்கேயே இறுகிவிடும். அப்புறம் எந்த இயந்திரத்தை வைத்துத் தூர் வாருவார்கள்? பிளாஸ்டிக் தாள் விரித்த ஒரு குழியைத் தோண்டி, லாரியை அங்கே கழுவச் சொன்னால் போதும். இறுகியதை அள்ளி மற்ற கட்டட இடிபாட்டோடு அனுப்பிவிடலாம். ஜாயின்ட் வெட்டும்போது பக்கத்தில் ஓர் ஆள் குழம்பை உறிஞ்சி எடுத்தால் போதும்.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஓடும் நீரில் மாசு கலக்கக் கூடாது என்று 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் சொல்கிறது. கட்டட இடிபாடுகள் வடிகாலை அடைக்கக் கூடாது என்று 2016 விதிகள் சொல்லின. நாளொன்றுக்கு 20 டன்னோ மாதத்துக்கு 300 டன்னோ தாண்டினால், வேலை தொடங்கும் முன்பே திட்டம் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்லின. என் மருமகன் அமெரிக்காவில் சாலை கம்பெனி ஒன்றில் இருக்கிறார். அங்கே ஒரு ஏக்கரும் அதற்கு மேலும் மண்ணைக் கிளறும் வேலை என்றால், மழைநீர் மாசுத் தடுப்புத் திட்டம் எழுத்தில் இருக்க வேண்டுமாம். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எந்த வடிகாலில் விழும், அந்த வாயை எதை வைத்துக் காப்பது, மழை பெய்த பிறகு யார் போய்ப் பார்ப்பது எல்லாம் அதில் இருக்கும். அங்கே போல இங்கே ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நம் விவரக்குறிப்பிலேயே அது இருக்கிறது, அதைச் செய்யுங்கள் என்கிறேன்.

ஒன்றைத் தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் மனசு கேட்காமல் எழுதுகிறேன். பெங்களூரு மேட்டு நிலத்தில் இருக்கிற ஊர். இங்கே விழும் தண்ணீர் எங்கள் பக்கத்துச் சரிவில் அல்சூர் ஏரி, பெள்ளந்தூர், வர்த்தூர் என்று இறங்கித் தென்பெண்ணையில் சேர்கிறது. அங்கிருந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை. கடைசியில் கடலூர்ப் பக்கம் கடல். என் அக்கா குடும்பம் ஓசூரில் இருக்கிறது. கெலவரப்பள்ளியில் தண்ணீர் திறக்கும்போது நுரை பொங்கி வருவதைத் தங்கள் நாளிதழே படத்தோடு போட்டிருக்கிறது. பெள்ளந்தூர் ஏரி 2017-இல் தீப்பிடித்ததும், 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் மீன்கள் செத்து மிதந்ததும் கழிவுநீரின் வேலை என்பது எனக்குத் தெரியும். ஆனால் செம்மண்ணின் நுண்ணிய துகள் சும்மா போவதில்லை. ரோட்டிலுள்ள டீசல், எண்ணெய், பாஸ்பரஸ் எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு போகின்றன. ஏரியின் ஆழம் குறைகிறது, ஆகாயத்தாமரைக்குத் தீனி கிடைக்கிறது. காவிரித் தண்ணீர் என்றால் இரண்டு ஊர்க்காரர்களும் தெருவுக்கு வருகிறோம். தென்பெண்ணைக்கு நாம் எதை அனுப்புகிறோம் என்று கேட்க ஒருவரும் இல்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்து தமிழில் படிக்கிற எங்களுக்காவது அதைத் தாங்கள் எழுத வேண்டாமா?

இதைச் சொல்லப் போனால் வேலையை நிறுத்தப் பார்க்கிறாய் என்கிறார்கள். நான் ரோட்டு வேலையில் சோறு தின்றவன். எனக்கு நல்ல ரோடு வேண்டும். ஒரு தெருவை முழுக்கத் தோண்டிப் போட்டுவிட்டு ஆட்களை வேறு சைட்டுக்கு அனுப்புவதை விட்டு, ஒரு பகுதியைத் தோண்டி முடித்துவிட்டு அடுத்ததைத் தொடலாம். மண்ணைச் சல்லடைக்கு எதிர்ப்பக்கம் குவிக்கலாம். லாரி டயரோடு சேறு வெளியே வராமல் இருக்க வாசலில் கனமான ஜல்லி பரப்பலாம். மணல் மூட்டை மட்டும் போதாது என்பதும் உண்மை. நம் செம்மண் தண்ணீரில் கரைந்தால் லேசில் படியாது, மூட்டை இடுக்கில் புகுந்து போய்விடும். அதனால்தான் தேங்கிப் படிய ஒரு குழி வேண்டும், குழிக்கு இடம் வேண்டும், இடத்தை முன்கூட்டியே ஒதுக்க வேண்டும். வேலை தொடங்கிய பிறகு யோசித்தால் இடம் எங்கே இருக்கும்? மழைக்கு முந்தின நாள் நான்கு மூட்டையை வைத்துப் படம் எடுத்துக்கொள்வதைத் திட்டம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

செப்டம்பர், அக்டோபர்தான் இந்த ஊரில் பெருமழைக் காலம். அதற்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. தங்களிடம் நான் கேட்பது பெரிய உதவி இல்லை. தங்கள் நிருபரை அனுப்பி, நகரில் இப்போது வேலை நடக்கும் ஏதாவது ஒரு சாலைக்கு ஒப்புதல் பெற்ற வண்டல் தடுப்புத் திட்டம் இருக்கிறதா என்று சம்பந்தப்பட்ட இன்ஜினியரிடம் கேட்கச் சொல்லுங்கள். இருந்தால் காட்டச் சொல்லுங்கள், இல்லை என்றால் இல்லை என்றே பிரசுரியுங்கள். அதோடு, எங்கள் தெருமுனையில் மீதி இருக்கும் குவியலின் மேல் ஒரு தார்ப்பாய் போட்டு, சல்லடையிலிருந்து தள்ளி வைக்கும்படி இந்தக் கடிதத்தின் மூலம் கேட்டுக்கொள்கிறேன். முடிந்தால் இந்த முறை சுருக்காமல் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
அல்சூர், பெங்களூரு.