பாரா மாற்றும் நேரம்

அன்புள்ள நெட்டைக்கு,

போன மாதம் நீ மூன்று முறை கூப்பிட்டாய். மூன்று முறையும் போன் என் கையில்தான் இருந்தது. மணி அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். முட்டி எப்படி இருக்கிறது, மாடிப்படி ஏறுகிறாயா? இங்கே எல்லோரும் நலம். அதாவது, மற்ற எல்லோரும்.

வேலை கிடைத்துவிட்டது. ஒரு கம்பெனியில் ஸ்டோர் பொறுப்பு. நாம் பார்க்காத ஸ்டோரா? மேனேஜருக்கு என் வயதில் பாதி. அட்டைப்பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் வேலையைப் "போர்க்கால அடிப்படையில்" முடிக்கவேண்டும் என்று மீட்டிங்கில் சொன்னார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வெளியே போய்ச் சிரித்தேன். சிரித்து முடித்தபோது கை நடுங்கிக்கொண்டிருந்தது. தாடியிடம் சொல்லிவிடாதே, இதை வைத்தே ஒரு வாரம் ஓட்டுவான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கதவு, ஜன்னல் எல்லாம் சரிபார்க்கும் பழக்கம் இன்னும் என்னை விடவில்லை. வீட்டில் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். போன செவ்வாய்க்கிழமை கூடத்துக்கு வந்தால் இருட்டில் சின்னவன் நிற்கிறான். எட்டு வயசு. தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் பாத்துட்டேன்ப்பா, பின்கதவும் பூட்டியிருக்கு. நீ போய்த் தூங்கு" என்றான். பாரா மாற்றுகிற மாதிரி! எத்தனை நாளாக என்று கேட்டேன். "பரீட்சைக்கு முன்னாடியிலேருந்து." கணக்குப் போட்டால் இரண்டு மாதம்.

அவனைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டு, விடியும்வரை குளியலறையில் உட்கார்ந்திருந்தேன்.

டாக்டரிடம் போ என்று உன் தங்கச்சி ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ரோட்டோரம் கிடந்த பிளாஸ்டிக் பைக்கு நான் காரை ஒடித்ததிலிருந்து அவள் முன் சீட்டில் உட்காருவதில்லை. அப்போதும் போகாதவன், புதன்கிழமை காலையிலேயே போய் நின்றேன்.

ஆலோசகர் ஒரு அம்மா. நம் பழைய சுபேதார் குரல், ஆனால் பொறுமைசாலி. இந்த வியாதியின் கதையைச் சொன்னார். கடன்காரன் பேரை மாற்றிக்கொண்டு ஊர் ஊராகத் திரிகிற மாதிரி இருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரர்களைப் பார்த்த டா கோஸ்டா என்ற டாக்டர் 1871-இல் இதை இதயக் கோளாறாக எழுதினார். 1915-இல் சார்லஸ் மையர்ஸ் என்ற டாக்டரின் கட்டுரையில் அது 'ஷெல் ஷாக்', அதாவது குண்டு அதிர்ச்சி. பி.டி.எஸ்.டி., அதாவது பேரதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநோய், என்று அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் ஏறியது 1980-இல்தான். அதற்குள் எத்தனை பேரைக் கோழை என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள்!

ஆனால் என் மண்டைக்குள் நின்றது வேறு ஒன்று. இரண்டாம் உலகப் போர் முடிந்து பலர் ஊருக்குக் கப்பலில் வந்தார்கள், நாட்கணக்கில், வாரக்கணக்கில், கூட இருந்தவர்களுடனேயே. வியட்நாமிலிருந்து அமெரிக்கச் சிப்பாய்கள் அவரவர் தவணை முடிந்ததும் தனித்தனியாக விமானம் ஏறி, ஓரிரு நாளில் வீட்டு வாசலில் இறங்கினார்கள். நான் மட்டும் என்ன? ஒரு நாள் துப்பாக்கியை ஒப்படைத்தேன், மறுநாள் மத்தியானம் மின்சார பில் கட்ட வரிசையில் நின்றேன். நமக்குக் கப்பல் கிடைக்கவில்லை, நெட்டை. இதைச் சொன்னதும் அந்த அம்மா, "கப்பலில் வந்தவர்களும் ராத்திரியில் அலறியிருக்கிறார்கள்" என்றார். இருக்கட்டும், எனக்குக் கப்பல் வேண்டும்.

சிகிச்சை எட்டிலிருந்து பதினைந்து வாரம், ஒவ்வொரு முறையும் ஒன்றரை மணி நேரம். கண்ணை மூடிக்கொண்டு, அந்த நாள் இப்போது நடப்பதுபோல வாய்விட்டுச் சொல்லவேண்டும். அதைப் பதிவு செய்து தருவார்கள், வீட்டில் தினமும் கேட்கவேண்டும். எந்த நாள் என்று உனக்குத் தெரியும்.

இங்கேதான் உன் உதவி வேண்டும். பாலத்துக்கு முன்னால் வண்டிகள் நின்றபோது, போகலாம் என்று கை காட்டியது யார்? நான்தான் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். சொல்லிப் பார்த்தால் சில சமயம் அந்தக் கையில் உன் கடிகாரம் இருக்கிறது. நானே என்றால் நானே என்று சொல். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து மாற்றிச் சொல்லாதே. நீயாக இருந்தாலும் சொல், அதற்காக உன்னை விட்டுவிடுவேனா?

ஒரு பத்து நாள் வந்து இரு. தாடியையும் இழுத்துக்கொண்டு வா.

சின்னவனோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறேன்: பத்து மணிக்கு இருவரும் சேர்ந்து ஒரே ஒரு சுற்று, அப்புறம் யாரும் எழுந்திருக்கக் கூடாது. நான் இரண்டு தடவை மீறினேன், அவன் ஒரு தடவை. உனக்குக் கூடத்தில்தான் படுக்கை. ராத்திரி யாராவது தாழ்ப்பாளை இழுக்கும் சத்தம் கேட்டால் பாய்ந்து பிடித்துவிடாதே, சின்னவனாகவும் இருக்கலாம்.

உன்,
குட்டை