வாய்ச்சொல்லில் கிடைத்த கப்பல்

அன்புள்ள ராகவன்,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் விட்டுவிடாதே. இங்கே எல்லாரும் சுகம். சின்னவளுக்குத் திருச்சிக்கு மாற்றல். சாமான் கட்டும் வேலையில் வீடே தலைகீழாகக் கிடக்கிறது.

எழுத்தில் இருந்தால்தான் சரித்திரம் என்று இந்தக் கடிதத்திலும் அடித்துச் சொல்லியிருக்கிறாய். அதனால்தான் டெரர் கப்பலைப் பற்றி உனக்கு எழுதத் தோன்றியது.

1845-இல் ஜான் ஃபிராங்க்ளின் தலைமையில் எரிபஸ், டெரர் என்ற இரண்டு கப்பல்கள் இங்கிலாந்திலிருந்து கிளம்பின. கனடாவுக்கு வடக்கே, உறைபனிக் கடல் வழியாகப் பசிபிக் போய்ச் சேர வேண்டும். மறு வருஷமே கிங் வில்லியம் தீவருகே பனியில் மாட்டிக்கொண்டன. 1848 ஏப்ரலில், மிச்சமிருந்த 105 பேர் கப்பல்களைக் கைவிட்டுத் தெற்கே நடந்தார்கள். போன 129 பேரில் ஒருவர்கூட ஊர் திரும்பவில்லை.

அவர்கள் பசியில் செத்ததையும், கடைசியில் பிணத்தைத் தின்னும் நிலைக்கு வந்ததையும் அந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளான இனுவிட் மக்கள் 1854-இல் ஜான் ரே என்ற ஆய்வுப் பயணியிடம் சொன்னார்கள். லண்டன் கொதித்தது. சார்லஸ் டிக்கன்ஸே அந்த மக்களின் பேச்சை நம்பக் கூடாது என்று பத்திரிகையில் எழுதினார். எனக்கு இன்னும் ஆறவில்லை, ராகவா. பின்னாளில் கிடைத்த எலும்புகளில் கத்தி வெட்டிய தடம் இருந்தது.

ஒரு கப்பல் தெற்கே வந்து மூழ்கியது என்றும் அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். 2014-இல் எரிபஸ் அந்தப் பக்கத்தில்தான் கிடைத்தது, வெறும் 11 மீட்டர் ஆழத்தில். அப்புறம் 2016-இல் டெரர். தேடல் கப்பலில் ஏறிய ஜோவா ஹேவன் ஊரைச் சேர்ந்த இனுவிட் வேட்டைக்காரர் சாமி கோக்விக், சில வருஷம் முன்பு ஒரு விரிகுடாவில் பனிக்கு மேலே பாய்மரம்போல ஒரு கட்டை நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். எடுத்த படமும் கேமராவோடு தொலைந்துவிட்டதாம். அவர் சொல்லை நம்பி அங்கே போனார்கள். கப்பல் இருந்தது.

2019-இல் உள்ளே கேமரா விட்டுப் பார்த்தபோது அலமாரியில் தட்டுகள் வரிசை கலையாமல் நின்றன. டெரரின் கேப்டன் குரோசியரின் மேஜை இழுப்பறைகள் மூடியபடி இருந்தன. குளிரிலும் வண்டலிலும் காகிதங்கள் கெடாமல் இருக்கக்கூடும் என்கிறார்கள். நீ கேட்கும் எழுத்து அந்த இழுப்பறைக்குள்ளேயே இருக்கலாம். ஆனால் அங்கே கொண்டுபோய் விட்டது ஒரு வேட்டைக்காரரின் வாய்ச்சொல்தானே? இதற்கு நீ என்ன சொல்கிறாய் என்று தெரிந்தாக வேண்டும்.

பொங்கலுக்கு வா, உட்கார்ந்து சண்டை போடலாம். தங்கைக்கு என் விசாரிப்பைச் சொல்.

அன்புடன்,
மூர்த்தி